மச்சானின் வலது பொக்கெற்

எல்லையில் அதிகாரி கேட்டவை வழக்கமான கேள்விகள்தான். எங்கே போனீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள், பக்கத்தில் இருப்பவர் உங்களுக்கு என்ன முறை, என்ன கொண்டுவருகிறீர்கள். நான் மனைவியின் அண்ணனை பஃபலோ பஸ் நிலையத்தில் ஏற்றிக்கொண்டு ரொறன்ரோ திரும்பிக்கொண்டிருந்தேன். அவர் ஒகையோவில் இருந்து வந்திருந்தார். அதிகாரி குனிந்து அவரைப் பார்த்து, துப்பாக்கி ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

மச்சான் உடனே பதில் சொல்லவில்லை. தொடையில் கிடந்த அவருடைய வலது கை நகர்ந்து காற்சட்டையின் வலது பொக்கெற்றின் மேல் படிந்தது. அங்கே கொஞ்சம் நின்றது. அதற்குப் பிறகுதான் "நோ, சேர்" என்றார்.

கடவுச்சீட்டுகள் என் கைக்குத் திரும்பி வந்தன. கார் நகர்ந்தது. நெடுஞ்சாலையில் ஏறினோம்.

ஊரில் சில வருடங்கள் ஒரு நாளிதழுக்கு நீதிமன்றச் செய்தி எழுதினேன். சாட்சிக் கூண்டில் ஏறுபவர்கள் பதில் சொல்ல எடுக்கும் நேரத்தைக் கவனிப்பது அப்போது பழகியது. இல்லை என்பதற்கு யோசிக்கத் தேவையில்லை. யோசிக்கிறவனுக்கு ஏதோ இருக்கிறது. மச்சானுக்கு இடது காது மந்தம், அதிகாரி நின்ற பக்கமும் இடதுதான். அதையும் கணக்கில் எடுத்துப் பார்த்தேன். ஆனால் காது கேட்காதவர் "என்ன?" என்று திருப்பிக் கேட்பார். பொக்கெற்றைத் தொடமாட்டார்.

"என்ன மச்சான், உங்கட சாமானை வீட்டில விட்டிட்டோ வந்தனீங்கள்?" என்று பகிடியாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"ஓம் ஓம்" என்றார். வெளியே திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஓம் போதும் என்று எனக்குப் பட்டது.

அந்தச் சாமானை நான் பார்த்திருக்கிறேன். போன கோடையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது குசினி மேசையில், தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் எடுத்து வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கறுப்புக் கைத்துப்பாக்கி. மச்சான் அங்கே ஒரு பெற்றோல் நிலையமும் அதோடு ஒட்டிய கடையும் நடத்துகிறார். ஒரு நாள் சிகரெட் கேட்டு வந்தவன் துப்பாக்கியைக் காட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, போகும்போது எந்தத் தேவையும் இல்லாமல் அதன் பிடியால் காதோடு சேர்த்து அடித்துவிட்டுப் போனான். காது மந்தமானது அப்போதுதான்.

முதலில் அவர் வாங்கியது கொஞ்சம் பெரியது. இடுப்பில் செருகுவது. பால் பெட்டி தூக்கக் குனியும்போதெல்லாம் வயிற்றில் குத்தியது. சட்டை மேலே போனால் வாடிக்கையாளருக்குத் தெரிந்தது. அதை வாங்கிய துப்பாக்கிக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சின்னது கேட்டார். "கடைக்காரன் என்ன கேட்டவன் தெரியுமோ, மச்சான்? ஆருக்குப் பயம் எண்டு கேக்கேல்லை. என்ன காற்சட்டை போடுவாய் எண்டு கேட்டவன்." அன்று போட்டிருந்த காற்சட்டையோடு மச்சானை நிற்கச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பொக்கெற்றுக்குள் வைத்து, நடக்கச் சொல்லி, இருக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறான். வெளியே உருவம் தெரியாமல் இருக்க ஒரு தோல் உறையும் கொடுத்தான். அந்தப் பொக்கெற்றில் வேறு எதுவும் வைக்கக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறான். சாவி வேண்டாம், சில்லறை வேண்டாம், மூக்குத் துடைக்கிற லேஞ்சியும் வேண்டாம். கடைசியாக ஒன்று சொன்னானாம். இரண்டு மூன்று கிழமை போனால் அது அங்கே இருப்பதே உங்களுக்கு மறந்துவிடும்.

மச்சான் அதைப் பெரிய நற்சான்றாகச் சொன்னார். எனக்கு அப்போதே அது பிடிக்கவில்லை.

ஒகையோவில் அது அவருடைய உரிமை. கனடாவில் சாதாரண மனிதன் தற்காப்புக்கு என்று கைத்துப்பாக்கியைப் பொக்கெற்றில் வைத்துத் திரிய வழியே இல்லை. எல்லையில் மறைத்துக் கொண்டுவந்தால் சிறை. கார் என்னுடையது. காரில் இருப்பவற்றுக்கு நான்தான் பதில் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகளின் சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு விழா. மண்டபம் எடுத்து, சாப்பாட்டுக்குச் சொல்லி, எல்லோருக்கும் அழைப்புக் கொடுத்தாயிற்று. அந்த மண்டபத்துக்குள் பொலிஸ் வருவதைப் பற்றி வீட்டுக்குக் கிட்ட ஸ்ரீல்ஸ் அவெனியூ வரும்வரை யோசித்தேன்.

மில்லிக்கனில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் மச்சான் பொக்கெற்றில் இருந்தவற்றை எடுத்து மேசையில் வைத்தார். சாவி, கைபேசி, லேஞ்சி எல்லாம் இடது பொக்கெற்றில் இருந்தே வந்தன. வலது பொக்கெற்றில் இருந்து எதுவும் வரவில்லை. அவர் வலக்கைக்காரர்.

மனைவி அன்றுதான் நகைகளை வங்கிப் பெட்டகத்தில் இருந்து எடுத்து வந்திருந்தாள். திங்கட்கிழமைதான் திரும்பக் கொண்டுபோய் வைக்கலாம். எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களை மோப்பம் பிடித்துக் கள்ளர்கள் வீடு புகுந்தார்கள் என்று கைபேசிக் குழுக்களில் செய்தி ஓடிக்கொண்டே இருக்கும். பாதி வதந்தி. மச்சான் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நகை வீட்டில கிடக்கேக்க வாசலுக்கு ஒராள் வேணும். நான் சோபாவில படுக்கிறன்."

"அண்ணை, மேல உங்களுக்கு அறை ஒதுக்கி வச்சிருக்கிறன்" என்றாள் மனைவி.

"அறையில ஆரையும் விடு. நான் இதில."

முன் கதவுக்கு நேராக இருந்த சோபாவில் காற்சட்டையோடு படுத்தார். வெறுங்கையோடு ஒரு மனிதன் வாசலுக்குக் காவல் படுப்பானா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

என் சந்தேகத்தை மனைவியிடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள்.

"என்னப்பா சொல்லுறியள்? என்ர அண்ணையைக் கடத்தல்காரன் ஆக்கிப்போட்டியளே?"

"எனக்கு விளங்கவேணும். கேக்கப்போறன்."

"கேளுங்கோ. கேட்டு, அவர் கோவிச்சுக்கொண்டு பெட்டியைத் தூக்கினா, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குப் பால் அறுகு ஆர் வைக்கிறது? நீங்களோ?"

அதுதான் சிக்கல். பாலில் தோய்த்த அறுகம்புல்லைப் பெண்ணின் தலையில் முதலில் வைக்க வேண்டியவர் தாய்மாமன். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு தாய்மாமன். தாய்மாமன்மார் கொண்டாட்ட வீடுகளில் கோபித்துக்கொண்டு போன கதைகள் எங்கள் இரண்டு குடும்பத்திலும் தாராளமாக உண்டு. நாற்காலி பிந்திக் கொடுத்ததற்காகவே போனவர் இருக்கிறார். பொக்கெற்றில் துப்பாக்கி வைத்திருக்கிறீரா என்று கேட்கப்பட்ட தாய்மாமன் எங்கே நிற்பார்?

அதனால் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை அவர் குளிக்கப் போனபோது அவருடைய தோல் ஜக்கெற் கதிரையில் கிடந்தது. உள் பொக்கெற்றில் கையை விட்டேன். மெல்லிய, வளைந்த ஒரு தோல் துண்டு கையில் பட்டது. எடுத்துப் பார்த்தேன். அந்த உறைதான். வெறுமையாக இருந்தது.

"அப்பா, என்ன செய்யிறியள்?" மகள் படியில் நின்றாள்.

"மாமான்ர ஜக்கெற். அயன் போடலாம் எண்டு எடுத்தனான்."

"லெதருக்கு? சீரியஸ்லி?"

உறையைத் திரும்ப வைத்தேன். துப்பாக்கியை வீட்டில் விட்டு வந்தவர் உறையை மட்டும் ஏன் கொண்டுவர வேண்டும்? உறை இங்கே என்றால் உள்ளே இருந்தது எங்கே? இப்போது என் சந்தேகம் ஒரு பொக்கெற்றோடு நிற்கவில்லை. சோபாவின் மெத்தைகளுக்குக் கீழே பார்த்தேன், அவருடைய பெட்டியைத் தூக்கிப் பாரம் பார்த்தேன். அன்று பின்னேரம் மனைவியின் அக்கா பேரப்பிள்ளைகளோடு வருவதாக இருந்தது. எதையும் திறந்து பார்க்கிற வயதுப் பிள்ளைகள்.

மத்தியானம் மச்சான், "வாங்கோ மச்சான், எனக்கொரு வேட்டி வாங்கவேணும்" என்றார். மார்க்கம் வீதிப் பிளாசாவில் உள்ள புடவைக் கடைக்குப் போனோம். கறாராக இருந்தார். பட்டு வேட்டி வேண்டும், கட்டத் தெரியாததால் இடுப்பில் வெல்க்ரோவால் ஒட்டுகிற வேட்டி வேண்டும், அதில் பொக்கெற் இருக்க வேண்டும்.

"இருக்கு அங்கிள்" என்றாள் கடைப் பெண். "போன் வைக்கிறதுக்கு எண்டு இப்ப பொக்கெற்றோட வருது."

"பொக்கெற் எந்தப் பக்கம், பிள்ளை?"

"வலப் பக்கம்."

"பாரம் தாங்குமோ?"

"போன் தாங்கும். அங்கிள் என்ன, கல்லுக் கட்டிக்கொண்டோ மேடையில ஏறப் போறியள்?"

மச்சான் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வேட்டியைக் காற்சட்டைக்கு மேலாகச் சுற்றி, கைபேசியை அந்தப் பொக்கெற்றில் போட்டுப் பார்த்தார். திருப்தியில்லை. சாவிக் கோர்வையையும் சேர்த்துப் போட்டு நடந்தார். கதிரையில் இருந்து எழும்பினார். கையை உள்ளே விட்டு வெளியே எடுத்தார். இன்னொரு தடவை. ஒகையோவில் கடைக்காரன் அவருக்குச் செய்துகாட்டிய அதே ஒத்திகை என் கண் முன்னால் நடந்தது.

"இதில இன்னும் ரெண்டு தையல் கூடப் போட்டுத் தரேலுமோ?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மண்டபத்து உடை மாற்றும் அறையில் இருந்து வெளியே வந்தபோது வேட்டியின் வலப் பக்கம் தொங்கிக்கொண்டு வந்தது. கைபேசி இடது கையில் இருந்தது. அவருடைய மனைவி கடையைப் பார்க்க ஒகையோவிலேயே நின்றுவிட்டதால் தனியே மேடை ஏறினார். நான் மேடைக்குப் பக்கத்தில், படப்பிடிப்புக்காரரின் விளக்குக்குப் பின்னால் நின்றேன். மேடையைச் சுற்றிச் சின்னப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். என் கண் மகளில் இல்லை. அவளுக்கு நாங்கள் பார்த்துப் பார்த்து வாங்கிய சேலை என்ன நிறத்தில் மின்னியது என்பதைப் பிறகு படத்தில்தான் பார்த்தேன்.

மச்சான் அறுகம்புல்லை இடது கையால் எடுத்தார். வலது கை பொக்கெற்றின் மேல் இருந்தது.

சடங்கை நடத்திய அன்ரி, எங்கள் குடும்பத்தின் எல்லாக் கொண்டாட்டத்தையும் நடத்துகிறவர், ஒலிவாங்கி பக்கத்தில் இருப்பதைப் பொருட்படுத்தாமல் சொன்னார்: "தம்பி, இடக்கையால பிள்ளைக்கு வைக்கிறதோ? வலக்கையை எடும். அமெரிக்காவில எல்லாம் மறந்துபோச்சே?"

மண்டபம் சிரித்தது. மச்சான் சிரிக்க முயன்றார். வலது கையை எடுத்தார், புல்லைக் கை மாற்றினார், மகளின் தலைக்கு மேல் குனிந்தார். அந்தப் பாரத்தை அந்த ஒட்டு தாங்கவில்லை. பர்ரென்ற சத்தம் ஒலிவாங்கி வழியாக மண்டபம் முழுவதும் கேட்டது. வேட்டி வலப் பக்கமாக இறங்கத் தொடங்கியது.

நான் எப்படி மேடை ஏறினேன் என்று தெரியாது. பின்னால் இருந்து வேட்டியைப் பிடித்தேன். என் கைக்குள் அந்தப் பொக்கெற்றும் அகப்பட்டது. உள்ளே உள்ளங்கை அளவில் ஓர் உலோகக் கட்டி இருந்தது. சந்தேகத்துக்கு இனி இடமில்லை என்று நினைத்தேன். அவரை அணைத்துப் பிடித்தபடி உடை மாற்றும் அறைக்குக் கொண்டுபோனேன். பார்த்தவர்களுக்கு அது ஒரு நல்ல மைத்துனன் செய்யும் உதவி. யாரோ கைதட்டினார்கள்.

கதவைச் சாத்தினேன். "எடுங்கோ, மச்சான்."

"என்னத்தை?"

"பொக்கெற்றில இருக்கிறதை எடுங்கோ. பிள்ளைகள் ஓடித் திரியிற இடம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையை விட்டு எடுத்தார். லேஞ்சியில் சுற்றியிருந்ததை அவிழ்த்து மேசையில் வைத்தார். பித்தளைப் பூட்டு. பெரிய, பழைய, சாவி இல்லாத பூட்டு.

"கடையின்ர பின் கதவில முந்திக் கிடந்த பூட்டு" என்றார். "அந்தச் சாமானை அவவிட்டக் குடுத்திட்டன். தனியக் கடையில நிக்கிற மனுசி. குடுத்திட்டு பஸ்ஸுக்கு வெளிக்கிட்டா, பொக்கெற் லேசாய்க் கிடந்தது, மச்சான். ஒரு பக்கம் சரிஞ்ச மாதிரி. ஆக்களுக்குள்ள கால் வைக்கேலாமல் போச்சு. திரும்பிப் போய்க் கண்ணில பட்டதை எடுத்து வச்சன். கிட்டத்தட்ட அதே பாரம். உறைக்குள்ள இறங்கேல்லை, அதால உறையை ஜக்கெற்றில போட்டன்."

நான் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பூட்டுத்தான்.

"அப்ப எல்லையில ஏன் அவ்வளவு நேரம் எடுத்தனீங்கள்?"

அவர் கதிரையில் இருந்தார். வேட்டியைத் தொடைக்கு மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"அவன் கேக்கேக்க எனக்கே தெரியாமல் போச்சு. பூட்டை வச்சனானோ, அதை வச்சனானோ எண்டு. அவவிட்டக் குடுத்தது ஞாபகம் இருக்கு. ஆனா அது முதல் நாள் குடுத்த ஞாபகமோ, அண்டைக்குக் குடுத்ததோ? தடவிப் பாத்தன். பூட்டின்ர வளையம் தட்டுப்பட்டுது. பிறகுதான் நோ எண்டனான்."

"வளையம் தட்டுப்படாட்டி?"

"ஓம் எண்டுதான் சொல்லியிருக்கவேணும். உங்களையும் சேத்துப் பிடிச்சிருப்பாங்கள்." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "அதுதான் வந்த நாள் துவக்கம் நித்திரை இல்லை."

நான் சோபாவைப் பற்றி நினைத்தேன். அவர் வாசலைப் பார்த்துப் படுத்திருந்தது நகைக்காக மட்டும் இல்லை என்று தோன்றியது.

"கேட்டிருக்கலாமே, மச்சான்" என்றார். "நீங்கள் ஜக்கெற்றைத் தடவினதும் எனக்குத் தெரியும். உறை தலைகீழாய்க் கிடந்தது."

"கேட்டா கோவிச்சுக்கொண்டு போயிருப்பியள்."

அவர் யோசித்தார். "ஓம். போயிருப்பன்."

கதவைத் தட்டினார்கள். அன்ரியின் குரல்: "தாய்மாமனைக் கெதியா அனுப்புங்கோ, நல்ல நேரம் போகப்போகுது!" மனைவி ஊசிகளோடு உள்ளே வந்தாள். மேசையில் கிடந்த பூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் அண்ணனின் வேட்டியை இடுப்பைச் சுற்றி ஊசிகளால் குத்தத் தொடங்கினாள். மச்சான் பூட்டை லேஞ்சியில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"இதை வச்சிருங்கோ. பிறகு தாங்கோ."

என் கோட்டுப் பொக்கெற்றில் போட்டுக்கொண்டேன். அவர் மேடை ஏறி வலது கையால் அறுகு வைத்தார். புல்லைப் பாலில் ஆழத் தோய்த்துவிட்டார். பால் அளவுக்கு மேல் விழுந்து மகளின் மூக்கு வழியாக வடிந்தது. அவள் சிரிப்பை அடக்க முடியாமல் தோளைக் குலுக்கினாள். அந்தப் படம்தான் இப்போது எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. மச்சானின் வலது பக்கம் மற்றப் பக்கத்தை விடக் கொஞ்சம் உயர்ந்திருப்பது போல எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிவதில்லை.

நகைகள் வங்கிக்குத் திரும்பிய மறுநாள் அவரை பஃபலோவில் கொண்டுபோய் விட்டேன். பஸ்ஸில் ஏற முன்னர் வலது பொக்கெற்றைத் தட்டிப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. படியில் கால் வைத்தார், நின்றார், பிறகு ஏறிப்போனார். பூட்டை அவரும் கேட்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

திரும்பி வரும்போது எல்லையில் ஒரு பெண் அதிகாரி. எங்கே போனீர்கள், யாரை விட்டுவிட்டு வருகிறீர்கள். துப்பாக்கி, ஆயுதம் என்று அவர் தொடங்கிய கேள்வி முடிவதற்குள் நான் "நோ" என்றேன். தாமதிக்கக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அவர் கணினியில் இருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. நான் மூன்று நாள் மச்சானைப் பார்த்த பார்வை. காரைப் பக்கத்துச் சோதனைக் கொட்டகைக்கு விடச் சொன்னார்.

அங்கே இரண்டு பேர் வந்தார்கள். என்னை இறங்கித் தள்ளி நிற்கச் சொன்னார்கள். மண்டபத்தில் இருந்து வந்த அன்று கழற்றிய என் கோட் பின் இருக்கைக்கு மேல் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் கதவைத் திறந்து அதைத் தூக்கினார். தூக்கிய கை நின்றது. கோட்டின் ஒரு பக்கம் பாரத்தால் கீழே இழுபட்டிருந்தது. அவர் மற்றவரைப் பார்த்தார். மற்றவர் ஓரடி பின்னால் வைத்தார்.

"பொக்கெற்றில் என்ன இருக்கிறது?"

எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. தெரியாது என்றேன். சொன்னபோதே அது எப்படிக் கேட்கும் என்று விளங்கியது. கைகளை அவர்களுக்குத் தெரியும்படி வைக்கச் சொன்னார்கள். கையுறை போட்ட கை உள்ளே போய் லேஞ்சிப் பொட்டலத்தை மெதுவாக எடுத்து, காரின் மேல் வைத்து, ஒவ்வொரு மடிப்பாக அவிழ்த்தது.

"பூட்டு" என்றார் அவர். திருப்பிப் பார்த்தார். "சாவி எங்கே?"

"இல்லை."

"எதைப் பூட்ட?"

ஒகையோவில் ஒரு பின் கதவு, ஒரு காது, ஒரு வேட்டி. எங்கே தொடங்குவது என்று பார்த்தேன். நான் எடுத்த நேரத்தை அவர் கவனித்துக்கொண்டிருந்தார்.